எலும்பு இல்லாமல் பெயர் பெற்ற கல்லமேட்டு விலங்கு

நிலத்தில் நடமாடிய விலங்குகளிலேயே மிகப் பெரியது எது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் அறிவியலாளர்கள் அர்ஜென்டினாவின் படகோனியாவைச் சொல்வார்கள், அமெரிக்காவின் கொலராடோவைச் சொல்வார்கள். அவற்றோடு, தயங்கித் தயங்கி, அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டையும் சொல்வார்கள். 2023-ஆம் ஆண்டு கிரிகரி பால், அசியெர் லாரமெண்டி என்ற இரு ஆய்வாளர்கள் ‘லெத்தாயா’ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கல்லமேட்டில் கிடைத்த டைனோசரின் எடை 110 டன்னிலிருந்து 170 டன் வரை இருந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அது சரியென்றால், கடலில் நீலத் திமிங்கிலம் எட்டிய எடையைத் தரையில் நான்கு காலில் நடந்த ஒரு விலங்கும் ஏறக்குறைய எட்டியிருக்கிறது.

அந்த விலங்கின் பெயர் புருஹத்காயோசரஸ் மேட்லியி. இணையத்தில் தேடினால் அதன் ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. யானையை அதன் கணுக்காலருகே நிறுத்திக் காட்டும் படங்கள், தாவரங்களுக்கு மேலே கழுத்தை நீட்டி நிற்கும் படங்கள் எனப் பலவகை. ஆனால் அதன் ஓர் எலும்பைக்கூட இன்று எந்த அருங்காட்சியகத்திலும் பார்க்க முடியாது. கல்லமேட்டில் எடுத்த எலும்புகள் எல்லாமே உதிர்ந்து போய்விட்டன.

இல்லாத எலும்புகளால் ஒரு விலங்கு எப்படி உலகப் புகழ் பெற்றது? அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த மண்ணைப் பார்க்க வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டும் பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. ஒருமுறை வந்து தங்கிய கடல் அல்ல அது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் பலமுறை ஏறி வந்தும் பின்வாங்கியும் போன கடல். ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில் என்று நாம் பேருந்தில் கடந்துபோகும் ஊர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் பாறை அடுக்குகளின் பெயர்களாக நிற்கின்றன. காரையில் சிவந்த களிமண் ஓடை ஓடையாக அரிபட்டுக் கிடக்கும் பொட்டலில், அழிந்துபோன கணவாய் இனங்களின் எச்சங்கள் மழைக்குப் பின் மேலே வரும். கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் சிப்பிகள் அடுக்கடுக்காகப் பாறையாகியிருக்கின்றன. சிமென்ட் ஆலைகள் இங்கே வந்ததற்குக் காரணமான சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி அந்தக் கடலுயிர்களின் ஓடுகளிலிருந்து வந்ததுதான்.

கிரிட்டேசியக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் கடல் இங்கிருந்து விலகியது. விலகிய இடத்தில் ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. அந்த ஆற்றுப்படிவுதான் கல்லமேட்டு அடுக்கு. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமை அதற்கு. அதற்கு மேலே நின்னியூர் அடுக்கில் மறுபடியும் கடல் வருகிறது. ஆனால் அதற்குள் டைனோசர்கள் உலகை விட்டே போய்விட்டிருந்தன. டைனோசர் யுகத்தின் இறுதி ஏடுகள் தமிழ்நாட்டில் இந்தச் சிறு பரப்பில்தான் திறந்து கிடக்கின்றன.

இந்த மண்ணின் உயிரினங்களை வெளியுலகம் அறியத் தொடங்கி 180 ஆண்டுகள் ஆகப் போகின்றன. 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேர்த்த சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை நடந்து அளந்து 1862-ல் வரைபடத்தோடு அறிக்கை தந்தார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று பெரும் பிரிவுகள் இன்றும் பயனில் உள்ளன. மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா அந்தக் கடலுயிர்களை ஓவியங்களோடு தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவர் 1874-ல், 36 வயதில், நடு ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் உயர்மலையில் இறந்து லேயில் அடக்கமானார். அரியலூர்ச் சிப்பிகளைப் பற்றி எழுதும் எவரும் இன்றைக்கும் அவர் நூல்களைத் திறக்காமல் எழுத முடியாது. டைனோசர் எலும்புகள் பக்கம் கவனத்தைத் திருப்பியவர் சார்லஸ் மேட்லி. திருச்சி மாவட்ட டைனோசர்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1929-ல் வந்தது. நம் விலங்கின் பெயரில் உள்ள ‘மேட்லியி’ அவரை நினைத்து வைத்ததே.

அந்தப் பெயரை வைத்தவர்கள் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும். கல்லமேட்டில் இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவற்றை அவர்கள் கண்டார்கள். இடுப்பெலும்பின் நீளம் 1.2 மீட்டர். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். முழங்காலிலிருந்து கணுக்கால் வரையிலான எலும்பே உயரமான ஒரு மனிதரை விட நீளம் என்றால் மற்றதை நாமே எண்ணிக்கொள்ளலாம். 1980-களின் இறுதியில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை இதை ஊனுண்ணி டைனோசர் என்று வகைப்படுத்தியது. டைரனோசரஸ் இனத்தையும் சிறியதாக்கிவிடும் ஊனுண்ணி என்பதை மற்றவர்களால் ஏற்க முடியவில்லை. 1995-ல் சங்கர் சாட்டர்ஜி அந்த எலும்புகள் நீண்ட கழுத்தும் தூண் போன்ற கால்களும் கொண்ட தாவர உண்ணி இனத்துக்குரியவை என்று சொன்னார். அதன்பின் அந்தக் கருத்தே நிலைத்தது.

எலும்புகளை மண் கரைத்த கதை வேதனையானது. புதைந்த எலும்பின் நுண்துளைகளில் நிலத்தடி நீர் கொண்டுவரும் கனிமங்கள் படிந்து நிரம்பினால்தான் அது கல்லாகும். எந்தக் கனிமம், எவ்வளவு முழுமையாக நிரம்பியது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரத்தில் நிரம்பியது சிலிக்கா. 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரம் 12 கோடி ஆண்டுப் பழமையோடு இன்றும் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது, கையால் தட்டிப் பார்க்கலாம். கல்லமேட்டு எலும்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவை களிமண்ணோடு பிணைந்து, உள்ளே இறுகாமல் பொடிந்த நிலையில் இருந்தன. களிமண் நீரைக் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பருவமழை போதும், எலும்பின் இண்டு இடுக்குகளில் புகுந்த களிமண் அதை உள்ளிருந்தே பிளந்துவிடும். களத்தில் சாக்கும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டி எடுத்தும், அந்தப் பெரிய எலும்புகள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேருமுன்னே சிதைந்தன. அவை இப்போது இல்லை என்பதை அய்யாசாமி பங்கேற்ற 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று பதிவு செய்தது.

எஞ்சியது ஒரு பெயர், சில அளவுகள், சில கோட்டோவியங்கள். அந்தக் கோட்டோவியங்கள் தெளிவாக இல்லாததால் புதிய ஐயம் கிளம்பியது. அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று சிலர் எழுதினார்கள். பக்கத்திலேயே சாத்தனூர் இருக்கும்போது அப்படி ஓர் ஐயம் எழுந்ததைக் குறைசொல்லவும் முடியாது. 2022-ல்தான் அதற்கு விடை வந்தது. அய்யாசாமியும் சௌரப் பாலும் ‘ஜியாலஜி டுடே’ இதழில் எழுதிய கட்டுரையில், அகழ்வின்போது எடுத்து இத்தனை ஆண்டுகள் வெளியே வராதிருந்த புகைப்படங்கள் வெளியாயின. மண்ணில் பாதி புதைந்த நிலையில் எலும்புகள் அவற்றில் தெரிந்தன. அவை டைனோசர் எலும்புகளே என்று பல ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே எடைக்கணக்கு வந்துவிட்டது. நாற்பது ஆண்டு முன் யாரோ கேமராவை எடுத்துப்போன காரணத்தால் இந்த விலங்கு அறிவியலுக்குத் திரும்ப வந்தது என்றே சொல்வேன்.

ஒரே ஒரு கால் எலும்பிலிருந்து எடை எப்படித் தெரியும்? கணக்கு எளிமையானது, ஆபத்தும் நிறைந்தது. அர்ஜென்டினாவில் கிடைத்து 1993-ல் பெயர் பெற்ற அர்ஜென்டினோசரஸின் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர். கல்லமேட்டு எலும்பு 2 மீட்டர். அதாவது 1.29 மடங்கு நீளம். ஒரு விலங்கின் நீளம் கூடும்போது அதே விகிதத்தில் அகலமும் உயரமும் கூடுகின்றன, எனவே எடை மூன்று முறை பெருக்கப்படுகிறது. 1.29 பெருக்கல் 1.29 பெருக்கல் 1.29 என்றால் ஏறக்குறைய 2.15. அர்ஜென்டினோசரஸ் 70 டன் என்று வைத்தால் கல்லமேட்டு விலங்கு 150 டன்.

இங்கே எவ்வளவு நம்பிக்கை தேவைப்படுகிறது என்று பாருங்கள். எலும்பை அளந்தபோது ஐந்து விழுக்காடு பிழை நேர்ந்திருந்தால் எடையில் பதினைந்து விழுக்காட்டுக்கும் மேல் பிழை. இந்த இனத்துக்குக் கால்கள் மட்டும் நீளமாக இருந்து உடல் மெலிந்திருந்தால் கணக்கே மாறிவிடும். யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் கால் நீளத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் நாம் எவ்வளவு தவறுவோம்! எடைக்கு நம்பகமான அளவு கால் எலும்பின் நீளத்தை விட அதன் சுற்றளவுதான், ஏனென்றால் உடலைத் தாங்கும் பொறுப்பு அதன் தடிமனில் இருக்கிறது. எலும்பு கையில் இருந்தால் நாளைக்கே ஒருவர் நூலைச் சுற்றி அளந்து சொல்லிவிடுவார். இல்லை என்பதால்தான் 110-க்கும் 170-க்கும் நடுவில் அறுபது டன் இடைவெளி. பத்துக்கும் மேற்பட்ட ஆண் யானைகளின் எடை அந்த இடைவெளிக்குள் அடங்கும்.

இப்படி எலும்பை இழந்து பெயரை மட்டும் வைத்திருக்கும் பேருருவம் கல்லமேட்டோடு முடியவில்லை. 1878-ல் அமெரிக்காவின் எட்வர்ட் கோப், கொலராடோவில் கிடைத்த ஒரு முதுகு முள்ளெலும்பை விவரித்தார். எஞ்சிய பகுதியே 1.5 மீட்டர் உயரம். கோப்பின் சேகரிப்பு நியூயார்க்கு அருங்காட்சியகத்துக்குப் போனபோது அந்த எலும்பைக் காணவில்லை. மண்ணில் நொறுங்கும் தன்மையுள்ள எலும்புகளைக் கெட்டிப்படுத்தும் பசைகள் அன்று வழக்கத்தில் இல்லாததால் அதுவும் பொடியாகியிருக்கும் என்பது பின்னாள் ஆய்வாளர்களின் ஊகம். 2018-ல் கென்னத் கார்ப்பெண்டர் அதற்கு மராபுனிசரஸ் என்று புதுப்பெயர் சூட்டினார். ஒற்றை ஓவியத்தை வைத்து நூற்று நாற்பது ஆண்டுகளாக வாதம் நடக்கிறது.

நம் நாட்டிலேயே இதற்கு மாறான ஒரு நிகழ்வும் உண்டு. 1828-ல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ராணுவ அதிகாரி கண்டெடுத்த எலும்புகள்தான் இந்தியாவின் முதல் டைனோசர் எலும்புகள். 1877-ல் ரிச்சர்டு லிடெக்கர் அவற்றுக்கு டைட்டனோசரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். உலகம் முழுவதும் பரவிய டைட்டனோசர் என்ற பெருங்குழுவுக்கே அதிலிருந்துதான் பெயர். அந்த எலும்பும் தொலைந்துவிட்டதாகவே பல பதிற்றாண்டுகள் எண்ணியிருந்தார்கள். 2012-ல் தனஞ்சய் மோகாபேயும் உடன் தேடியவர்களும் கொல்கத்தா நிலவியல் ஆய்வுத்துறைச் சேமிப்பில் அதைக் கண்டுபிடித்தார்கள். ஜபல்பூர் எலும்பு உறுதியாகக் கல்லாகியிருந்தது, அதனால் மறந்தும் பிழைத்தது.

ஒரு விலங்கின் புகழை நீண்டகாலம் நிறுத்துவது எது என்று கேட்டால், மக்கள் நின்று பார்க்க ஓர் உருவம் இருப்பதே என்பேன். எஃகு வணிகர் ஆண்ட்ரு கார்னகி தம் பணத்தில் தோண்டிய டிப்ளோடோகஸ் எலும்புக்கூட்டுக்குச் சுண்ணச்சாந்தில் நகல்கள் செய்து நாடு நாடாக அனுப்பினார். 1905-ல் லண்டனில் திறந்த நகல்தான் ஒரு தலைமுறையையே டைனோசர் பக்கம் இழுத்தது. அங்கே மக்கள் பார்த்தது அசல் எலும்பே அல்ல! கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டிய எலும்புகளைப் பொருத்தி நிறுத்திய பாராபாசரஸ் நிற்கிறது. 1975-ல் அதற்குத் தாகூரின் பெயரைச் சேர்த்து வைத்தார்கள். கொல்கத்தாக் குழந்தைகள் அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அரியலூர்க் குழந்தைக்குக் கல்லமேட்டு விலங்கை அப்படிக் காட்ட வழியுண்டு. அளவுகள் இருக்கின்றன, புகைப்படங்கள் இருக்கின்றன. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் அமைந்துவிட்டது. அந்த 2 மீட்டர் எலும்பின் நகல் ஒன்றையாவது, தோள் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்படி, அங்கே நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

அரியலூரின் விலங்கு ஒன்றுதான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே யாதகிரியும் அய்யாசாமியும் 1979-ல் இந்தப் பகுதியில் திராவிடோசரஸ் பிளான்ஃபோர்டி என்ற உயிரியைத் தட்டுமுதுகு டைனோசராக அறிவித்தார்கள். அந்தக் குழு மற்ற இடங்களில் எப்போதோ அழிந்துவிட்டிருந்த காலத்தில் இங்கே மட்டும் தப்பியிருந்ததா என்று உலகமே வியந்தது. 1996-ல் சாட்டர்ஜியும் ருத்ராவும் அது டைனோசரே அல்ல, நீந்தும் கடல் ஊர்வன என்று மறுத்தார்கள். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

என் மனத்தில் மிக உயர்ந்த இடம் வேறொன்றுக்கு. 2013-ல் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்டோர் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஒரு பல்லைப் பற்றி எழுதினார்கள். கல்லமேட்டு அடுக்கில் கிடைத்த பல் அது. சில மில்லிமீட்டர் அளவு. பறவைகளுக்கு நெருங்கிய உறவான ட்ரூடோண்டிட் என்னும் சிறு டைனோசர் குழுவின் பல் என்று அவர்கள் அடையாளம் காட்டினார்கள். அதுவரை அந்தக் குழு வடகண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. தென்கண்டங்களில் அதுவே முதல் சான்று. இந்தியா அப்போது மடகாஸ்கரைப் பிரிந்து தனியாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த பெருந்தீவு. அந்தத் தீவில் யார் யார் இருந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்ற கேள்வியை ஒரு நுண்பல் திறந்துவிட்டது. அதே அடுக்கில் மடகாஸ்கர் முதலை ஒன்றை ஒத்த முதலையின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. இத்தகைய சிறு எச்சங்களைத் தேடும் வேலைக்குப் பொறுமை வேண்டும். மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, நீரில் கரைத்து, நுண்சல்லடையில் அலசி, மிஞ்சியதை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். 150 டன் விலங்கைத் தந்த மண்தான் இந்தப் பல்லையும் தந்தது. பல்லின் மேலுறை எனாமல், எலும்பை விடக் கடினம். அதனால் களிமண்ணால் அதை உடைக்க முடியவில்லை.

புகழ் இன்னொரு திசையிலும் ஓடும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளமொன்றில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பறந்தது, கூட்டம் கூடியது. நேரில் பார்த்த நிலவியலாளர்கள் அவை அம்மோனைட் போன்ற கடலுயிர்களைச் சுற்றி உருவான கற்கோளங்கள் என்று விளக்கினார்கள். கடலடிச் சேற்றில் ஓர் உயிர் புதைந்து அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் வேதிநிலை மாறுகிறது. சுண்ணாம்பு அங்கே படிந்து, சுற்றிலும் சம அளவில் வளர்ந்து, உருண்டையாகிறது. டைனோசர் முட்டைக்கு ஓடு உண்டு. உடைத்த விளிம்பில் அந்த ஓடு மெல்லிய கோடாகத் தெரியும், உருப்பெருக்கியில் காற்றுத் துளைகள் தெரியும். உண்மையான முட்டைகள் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கிடைத்திருக்கின்றன. 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று அங்கே 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பதிவு செய்தது. குன்னத்துக் கூட்டத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஊர் மக்கள் தம் காலடியில் கிடக்கும் கல்லை நின்று பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். கிடைத்த விடை முட்டை அல்ல என்பதால் அந்தக் கல்லின் மதிப்பு குறையவில்லை. ஒரு கடலின் சாட்சி அது.

இனி கல்லமேட்டு விலங்கின் கதி என்ன? விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பெயருக்கு அடிப்படையான மூல மாதிரி அழிந்துபோனால், தக்க காரணத்தோடு வேறொரு மாதிரியை அதன் இடத்தில் நியமிக்கலாம். ஆனால் அந்தப் புது மாதிரி முடிந்தவரை முதல் மாதிரி கிடைத்த அதே இடத்திலிருந்து, அதே பாறை அடுக்கிலிருந்து வந்திருக்க வேண்டும். படகோனியாவில் நாளை இதைவிடப் பெரிய எலும்பு கிடைத்தாலும் அதனால் புருஹத்காயோசரஸை மீட்க முடியாது. மீட்கக்கூடிய எலும்பு கல்லமேட்டைச் சுற்றிய ஓடைக்கரைகளிலும் வயல் மேடுகளிலும்தான் இருக்க முடியும். சுரங்கம் விரியும் இந்த மாவட்டத்தில் அந்த அடுக்கு வெளித்தெரியும் இடங்களை வரைபடத்தில் குறித்துக் காப்பதும், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பயிற்சி பெற்ற கண்கள் அங்கே நடந்து பார்ப்பதும், எலும்பு தென்பட்டால் தோண்டுமுன் அளவுகோலை வைத்துப் படம் பிடித்து, பசை ஊட்டிக் கெட்டிப்படுத்திய பிறகே எடுப்பதும் நடக்க வேண்டும். அதற்கான பசைகளும் முப்பரிமாண ஒளிப்படக் கருவிகளும் இன்று கல்லூரி ஆய்வகங்களிலேயே இருக்கின்றன.